பேரூராட்சியில் எளியவர்களுக்கு வீடு: நிற்பதைக் காப்பதும் இல்லாததைக் கட்டுவதும்

கும்பகோணத்தை அடுத்த ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் பழைய ஓட்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபடுகின்றன. இடித்த இடத்தில் கடையோ தங்கும் விடுதியோ வருகிறது. வாடகை ஏறிவிட்டதால் தறிக்காரர்களும் கொத்தனார்களும் சித்தாள்களும் ஊரை விட்டுக் குடிபெயர்கிறார்கள். ஊர் எல்லையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் தருமாறு அரசைக் கேட்டுத் தீர்மானம் போடலாம் என்று மன்றத்தில் சிலர் சொல்கிறார்கள். இது சரியான வழிதானா? பேரூராட்சியின் கையில் வேறு என்ன இருக்கிறது?"

ஐயா, அடுக்குமாடிக்கான தீர்மானம் கடைசியாக வரவேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றின் நிலைமை உங்கள் ஊரின் நிலைமையைப் போன்றதுதான். பக்கத்து நகரம் விரிய விரிய மனை விலை ஏறுகிறது, கோயிலுக்கு வரும் வெளியூர்க் கூட்டம் விடுதிகளை வரவழைக்கிறது, ஊரின் கூலியோ அந்த வேகத்தில் ஏறுவதில்லை. இத்தகைய ஊரில் ஏழைக்கு எட்டும் விலையில் இருக்கும் வீடு எது என்று பார்த்தால், அது ஏற்கெனவே நிற்கிற பழைய வீடாகத்தான் இருக்கும். அதை இழந்துவிட்டு அதே வாடகையில் அதே தெருவில் இன்னொரு வீட்டை எந்த அரசாலும் கட்டித் தர முடியாது என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே நிற்கும் வீட்டைக் காப்பது முதல் வேலை. அந்த வீட்டின் அடியில் இருக்கும் மண் யாருடையது என்பதைத் தீர்ப்பது இரண்டாவது வேலை. புதிதாகக் கட்டுவது மூன்றாவது.

எளியவர்கள் இன்று எந்தெந்த ஏற்பாட்டில் குடியிருக்கிறார்கள் என்பதை முதலில் கணக்கெடுங்கள். பேரூராட்சியின் சொத்துவரிப் பதிவேடு வீட்டையும் உரிமையாளரையும் காட்டும், குடியிருப்பவரைக் காட்டாது. உங்கள் ஊரில் தாத்தா காலத்து நத்தம் மனையில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய மண்ணில், ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் உண்டு. கோயில் அல்லது மடத்து அடிமனையில் சொந்த வீடு கட்டி இருப்பவர்கள் உண்டு. ஒரே வரிசையில் கட்டிய லைன் வீட்டில் மாத வாடகைக்கு இருப்பவர்கள், மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்திக்கு இருப்பவர்கள், வாய்க்கால் கரையிலும் சாலை ஓரத்திலும் புறம்போக்கில் இருப்பவர்கள், 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு மனை உரிமைச் சட்டத்தால் நிலக்கிழாரின் மனையில் உரிமை பெற்ற விவசாயத் தொழிலாளர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என இன்னும் பலர் உண்டு. இந்த ஒவ்வொரு வகைக்கும் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. ஒத்திக்காரரை வெளியேற்றுவது உரிமையாளரின் கடன்; அடிமனைக்காரரை வெளியேற்றுவது வாடகைப் பாக்கி; நத்தம் மனைக்காரரை வெளியேற்றுவது அவருடைய சொந்த அண்ணன் தம்பிகளுக்குள் முடியாத பாகப்பிரிவினை. இவ்வளவையும் 'வீடற்றோர்' என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதிக் கோட்டைக்கு அனுப்பினால், எல்லோருக்கும் ஒரே பதிலாக அடுக்குமாடிதான் திரும்பி வரும்.

ஓட்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். உங்கள் பக்கத்துத் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று நீண்டு செல்லும் வீடுகள். இவற்றின் சுவர் அவ்வளவு எளிதில் விழாது. அழிவு தொடங்கும் இடம் முற்றத்தின் மூலை. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் அந்த இடத்தில் மழைநீர் ஓடும் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிறது, அடியில் இருக்கும் மரச் சட்டத்தின் நுனி இரண்டு மூன்று மழைக்காலம் நனைந்து மக்குகிறது, கரையான் ஏறுகிறது, சட்டம் தாழ்ந்ததும் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் வளைந்து ஓடு சரிகிறது, ஓடு சரிந்த இடத்தில் நீர் சுவருக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் காரை கரைகிறது. இந்தக் கட்டத்தில் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு மூடுகிறார். அதற்கடுத்த கட்டத்தில் தரகர் வருகிறார். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு நல்ல தச்சர் மக்கிய நுனியை அறுத்துவிட்டு அதே அளவில் புதுக் கட்டையை ஒட்டுப்போட்டு இணைத்து, தகரத்தை மாற்றி, அந்த மூலை ஓடுகளைப் பிரித்து அடுக்கினால் வீடு இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். அதற்கு ஆகும் செலவு, அந்த வீட்டை இடித்துக் கட்டும் செலவில் மிகச் சிறிய பகுதி.

இந்தச் சிறிய தொகைக்குத்தான் நம் திட்டங்களில் இடமே இல்லை. கிராம ஊராட்சிகளில் பழைய தொகுப்பு வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது; பேரூராட்சி நகர்ப்புறக் கணக்கில் வருவதால் அது உங்களுக்கு இல்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், இருக்கும் வீட்டோடு குறைந்தது 9 சதுர மீட்டர் சேர்த்துக் கட்டுவதற்கு உதவி இருந்தது; கூரையைப் பழுதுபார்ப்பதற்கு அப்போதும் இல்லை. ஆகையால் பழுதுபார்ப்புக்கான பணத்தை உள்ளூரிலேயே திரட்ட வேண்டியிருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வங்கியிலிருந்து பெறும் கடனில் ஒரு பகுதியைக் கூரை வேலைக்கு என்று ஒதுக்கச் சொல்லலாம். ஊரில் மிஞ்சியிருக்கும் தச்சர்களையும் ஓடு வேய்பவர்களையும் ஒரு பட்டியலாக்கி, சித்திரை, வைகாசியில் தெருத்தெருவாக வேலை எடுக்க வைத்தால் மரத்தையும் ஓட்டையும் மொத்தமாக வாங்கலாம். இடிக்கப்படும் வீடுகளின் நல்ல ஓடுகளும் தேக்குச் சட்டங்களும் இன்று பழைய மரக்கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன. அவற்றைப் பேரூராட்சியின் கிடங்கு ஒன்றில் விலைக்கு வாங்கி வைத்துத் தேவைப்படுவோருக்கு அதே விலைக்குக் கொடுக்கலாம். எங்கும் பெரிதாகப் பேசப்படாத யோசனை இது. ஆனால் கூரைச் செலவில் மரத்துக்குத்தான் அதிகம் போகிறது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது பட்டா. பழுதுபார்க்க மனமும் பணமும் இருக்கிற வீட்டுக்காரர்கூடக் கைகட்டி நிற்பது இங்கேதான். பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும். அவருக்கு நான்கு பிள்ளைகள். அவர்களில் இருவர் காலமாகியிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். குடியிருப்பவர் ஒருவர், உரிமை பன்னிருவருக்கு. வங்கி கடன் தராது. அரசு மானியத்துக்கு மனு போட்டால் 'மனை மனுதாரர் பெயரில் இல்லை' என்று திரும்பி வரும். பொதுச் சொத்துக்கு நான் மட்டும் ஏன் செலவழிக்க வேண்டும் என்று குடியிருப்பவரும் விட்டுவிடுவார். கடைசியில் எல்லோரும் ஒத்துப்போகிற ஒரே முடிவு விற்பதுதான். இந்த விற்பனைகளில் பாதிக்குக் காரணம் பணத்தேவை என்பதைவிடக் காகிதச் சிக்கல் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்குப் பேரூராட்சி செய்யக்கூடியது ஒரு சிறப்பு முகாம். கிராம நிர்வாக அலுவலர், வட்ட நில அளவர், மண்டலத் துணை வட்டாட்சியர், சார்பதிவாளர் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர், வட்ட சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞர் ஆகியோரை ஒரே கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். ஊர்த் திருவிழா நாட்களை ஒட்டி வைத்தால் வெளியூரில் இருக்கும் பங்காளிகளும் வந்திருப்பார்கள். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம், பட்டா மாற்றம் ஆகிய மூன்றும் தொடர்ச்சியாக நடந்தால்தான் வேலை முடியும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஆறு மாதம் அலைய விட்டால் மறுபடியும் தேங்கிவிடும். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதமாகவும், அதற்கு ஓர் உச்சவரம்போடும் இருப்பதால் செலவு தாங்கக்கூடியதே. 2023இல் அந்த உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய்க்கு உயர்த்தப்பட்ட பிறகும் சிறிய மனைகளை அது பாதிக்கவில்லை. பெண் வாரிசுகளின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்குச் சொத்தில் சம பங்கு உண்டு. அதை மறைத்து முடித்த பாகப்பிரிவினை பின்னாளில் நீதிமன்றத்தில் உடைந்து வீட்டை மறுபடியும் முடக்கிவிடும்.

அடிமனை வீடுகள் உங்கள் வட்டாரத்துக்கே உரிய பெரிய விஷயம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மண் கோயிலுடையது அல்லது ஆதீனத்துடையது. மேலே நிற்கும் சுவரும் கூரையும் குடியிருப்பவருடையது. அவர் மாதந்தோறும் மனை வாடகை கட்டுகிறார். பலர் இதை ஒரு குறையாகவே பார்க்கிறார்கள். ஆனால் இத்தனை காலமாகக் கோயில் தெருக்களில் மாலை கட்டுபவரும் நாகஸ்வரக்காரரும் பரிசாரகரும் குடியிருக்க முடிந்ததற்குக் காரணமே, அந்த மண் விற்பனைக்கு வராததுதான். மண் சந்தையிலிருந்து விலகி நின்றதால் வீடு விலை ஏறாமல் இருந்தது.

இதே ஏற்பாட்டை வேறு பெயரில் அமெரிக்கச் சிறு நகரங்கள் வலிந்து உருவாக்கி வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. அங்கே அதைச் சமூக நில அறக்கட்டளை என்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் அல்பனி நகருக்கு அருகில் 1969இல் கறுப்பின விவசாயக் குடும்பங்களுக்காகத் தொடங்கப்பட்ட 'நியூ கம்யூனிட்டீஸ்' அதன் முதல் வடிவம். அதை உருவாக்கியவர்கள் இஸ்ரேலின் குத்தகை நில முறையோடு ஊர் நிலத்தை ஊருக்கே பொதுவாக்கக் கேட்ட வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்தையும் முன்மாதிரியாகக் கொண்டார்கள். பின்னர் 1984இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் என்ற சிறு நகரம் நகராட்சியின் ஆதரவோடு இத்தகைய அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கியது. மண் அறக்கட்டளையிடம் நீண்ட காலக் குத்தகையில் இருக்கும், வீட்டை மட்டும் குடும்பம் வாங்கும், விற்கும்போது வரையறுத்த லாபத்துக்கு மேல் எடுக்க முடியாது. அது இன்றும் சாம்ப்ளெயின் வீட்டுவசதி அறக்கட்டளை என்ற பெயரில் நடந்து வருகிறது. நம் மண்ணிலிருந்து போன ஒரு சிந்தனை அங்கே வேர்பிடித்திருக்கும்போது, நம் தெருவிலேயே இருக்கும் அடிமனை முறையை நாம் சீரழிய விடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அது சீரழியும் விதம் இதுதான். குத்தகை இன்னும் கொள்ளுத்தாத்தாவின் பெயரில் இருக்கிறது. வாரிசுகளின் பெயருக்கு மாற்றாததால் கோயில் நிர்வாகத்தின் பார்வையில் இன்று குடியிருப்பவர் யாரோ ஒருவர். நெடுங்காலம் சில ரூபாய்களாக இருந்த வாடகை, நிலத்தின் மதிப்போடு இணைத்துத் திருத்தப்பட்டபோது முன்தேதியிட்ட பாக்கியாகத் தலையில் விழுந்தது. பாக்கி நின்றால் குத்தகை போகும். குத்தகை போனால் 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 78ஆம் பிரிவின் கீழ் அவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிறார். கோயில் மனைக்குப் பட்டா கேட்டுப் போராடுவதைவிட, பெயர் மாற்றத்தையும், குடியிருப்புக்கும் கடைக்கும் தெளிவாக வேறுபட்ட வாடகையையும், பாக்கியைத் தவணையில் கட்டும் வசதியையும், கூரையைப் பழுதுபார்க்க எளிதான அனுமதியையும் கேட்பதே பலன் தரும். கோயிலின் வருமானமும் இதனால் கெடாது; இன்று வசூலாகாமல் நிற்கும் தொகைதான் வசூலாகத் தொடங்கும். கூடவே, அடிமனையை உள்வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடங்கள் உண்மையில் தேவைப்படுவோருக்குப் போகவேண்டியவை.

வாடகைக்கு வருவோம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்கும் வழி இருந்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகைத் தொகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. அதற்கு ஈடாக எழுத்து வடிவ ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஏற்காதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்ற வரம்பையும், சட்டம் வரையறுத்த காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாத பாதுகாப்பையும் தந்தது. சிறு ஊரில் இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்பவர் மிகச் சிலரே. வாடகை அதிகாரி வருவாய்க் கோட்ட அளவில் இருக்கிறார், பதிவை இணையத்தில் செய்யலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு மேசையும் அச்சிட்ட ஒப்பந்தப் படிவமும் உதவிக்கு ஒரு பணியாளரும் இருந்தால் போதும், இதில் பெரிய மாற்றம் வரும்.

ஒத்தி இதைவிட ஆபத்தானது. மூன்று லட்சமோ நான்கு லட்சமோ கொடுத்துவிட்டு மூன்று ஆண்டுகள் வாடகை இல்லாமல் இருக்கலாம் என்பது சேமிப்புள்ள ஏழைக் குடும்பத்துக்கு நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் அது சட்டப்படி அடமானம். பதிவு செய்தால்தான் செல்லும். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் பயந்து இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். உரிமையாளர் அந்தப் பணத்தை வேறு கடனுக்குக் கட்டிவிட்டு, கெடு முடிந்ததும் 'அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் திருப்பித் தருவேன்' என்பார். அல்லது அதே வீட்டை வங்கியிலும் அடகு வைத்திருப்பார், வங்கி ஏலத்துக்கு வரும்போது ஒத்திக்காரரின் கையில் வெறும் தாள்தான் இருக்கும். ஒத்திக்குப் போகும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கும் பழக்கத்தையாவது வார்டு கூட்டங்களில் கற்றுக்கொடுங்கள். சிறிய தொகை ஒத்திகளுக்குத் தீர்வையைக் குறைக்குமாறு மன்றம் அரசைக் கேட்பதும் நியாயமான கோரிக்கையே.

லைன் வீடுகளில் கூரை மாற்றாமலே செலவைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆறு குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த 100 யூனிட் ஆறாகப் பிரிந்துபோகிறது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டுவதால் கட்டணப் படியும் உயர்ந்துவிடுகிறது. உரிமையாளர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வாங்குகிறார். அதாவது ஊரிலேயே மிகச் சிறிய அறையில் இருப்பவர் மிக அதிக மின்கட்டணம் கட்டுகிறார். தனித்தனி அடுப்படி உள்ள குடித்தனங்களுக்குத் தனித்தனி இணைப்பு பெற்றுத் தருவதைப் பேரூராட்சி ஒரு இயக்கமாகவே எடுத்துச் செய்யலாம். இரண்டாவது கழிப்பறை கட்டிக் கொடுக்கும் லைன் வீட்டு உரிமையாளருக்கு உதவி, வாடகையை ஏற்றாமல் ஐந்தாண்டு வைத்திருப்பதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் என்று நிபந்தனையும் வைக்கலாம். 2022இல் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது 600 சதுரஅடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும் பெரிய வீடுகளுக்கு 100 சதவீதமும் என்று படிப்படியாக வைத்தார்கள். சிறிய வீட்டுக்குக் குறைந்த சுமை என்ற அந்தக் கொள்கையைக் குறைந்த வாடகைக்கு விடும் வீட்டுக்கும் நீட்டிக்கும்படி கேட்க அது நல்ல அடிப்படை.

புறம்போக்குக் குடியிருப்புகளில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நீண்ட காலம் இருப்பவர்களுக்கு வரன்முறை செய்து பட்டா தர வழி உண்டு. சென்னையையும் பிற நகரங்களையும் சுற்றிய பகுதிகளில் தடைபட்டிருந்த ஏறத்தாழ 86,000 பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. வாய்க்கால், குளம், ஆற்றங்கரை ஆகிய நீர்நிலைப் புறம்போக்குக்கு அந்த வழி இல்லை; நீதிமன்றங்கள் அதில் விட்டுக்கொடுப்பதில்லை, வெள்ளம் வரும் மண்ணில் விட்டுக்கொடுக்கவும் கூடாது. அங்கே இருப்பவர்களுக்கு மாற்று இடம் எங்கே என்பதை, வெளியேற்ற உத்தரவு வருவதற்கு முன்பே மன்றம் முடிவு செய்திருக்க வேண்டும். உத்தரவு வந்தபின் தேடினால் கிடைப்பது ஊருக்கு வெகுதூரத்தில் இருக்கும் தரிசுதான்.

இனி, புதிதாகக் கட்டுவது. உங்கள் பக்கத்து மனைகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. கொல்லை பின்தெருவரை போகிறது. கிணறும் வாழையும் இருந்த கொல்லைகள் பல இன்று வெறுமையாகக் கிடக்கின்றன. பின்தெருவைப் பார்த்தபடி அங்கே சிறிய வாடகை வீடு ஒன்றோ இரண்டோ கட்டினால், முன்வீட்டு முதியவர்களுக்கு வருமானம், ஓட்டு வீட்டைப் பேணப் பணம், ஊரின் நடுவில் புதுக் குடித்தனத்துக்கு இடம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். மனை 2,500 சதுரஅடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுரஅடிக்குள்ளும் இருந்தால் சுயசான்று முறையில் இணையத்தில் உடனே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலை முதல் இருக்கிறது. பின்தெருவின் அகலத்தையும் பக்க இடைவெளியையும் அளந்து எந்தெந்த மனைக்கு இது பொருந்தும் என்று பேரூராட்சி முன்கூட்டியே ஒரு வரைபடம் போட்டுவிட்டால் பலர் முன்வருவார்கள்.

அடுத்து அரசு மானியம். பிரதமர் திட்டத்தில் சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்வோருக்கு மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம் ரூபாய். முதல் கட்டத்தில் தமிழ்நாடு 60,000 ரூபாய் சேர்த்து 2.10 லட்சமாகக் கொடுத்தது. 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மாநிலத்தின் பங்கும் சேர்ந்து 2.5 லட்சம் என்ற கணக்கு. 30 சதுர மீட்டர் வீட்டை எவ்வளவு சிக்கனமாகக் கட்டினாலும் ஆறேழு லட்சம் ஆகிவிடுகிறது. சாலைக்கு அந்தப்புறம் கிராம ஊராட்சியில் இருப்பவருக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் கிடைக்கிறது, இந்தப்புறம் பேரூராட்சியில் இருப்பவருக்கு அது இல்லை. இந்த வேறுபாட்டை நீக்கக் கோருவது அடுக்குமாடி கேட்பதைவிட முக்கியமான தீர்மானம். அதோடு மானியம் வேலை முடிய முடியத் தவணையாக வருவதால், அடித்தளம் போடும் பணம் குடும்பத்தின் கையிலிருந்தே வரவேண்டும். அங்கேதான் கந்துவட்டி நுழைகிறது. முதல் தவணை வரும்வரை குழுக் கடனாக 50,000 ரூபாய் கைமாற்று ஏற்பாடு செய்தாலே பாதி வீடுகள் நடுவில் நின்றுபோகாது. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டுபவருக்கு அந்த எட்டு மாதம் குடியிருக்க இடம் தேவை என்பதையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. காலியாகக் கிடக்கும் பழைய அரசு ஊழியர் குடியிருப்பு இருந்தால் அதை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

அடுக்குமாடியை நான் கடைசியில் வைப்பதற்கு உங்கள் ஊரின் தொழிலும் ஒரு காரணம். திருபுவனத்தைச் சுற்றிய பட்டு நெசவு குழித்தறியில் நடப்பது. தரையில் குழி வெட்டி அதில் காலை இறக்கி மிதிபலகையை மிதிக்க வேண்டும்; மேலே அச்சுமரம் தொங்கும், முன்னால் பாவு நீளும். இதை இரண்டாம் தளத்தில் வைக்க முடியாது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவருக்கும் உலைக்கும் வண்டல் மண்ணுக்கும் திறந்த தரை வேண்டும். 400 சதுரஅடி அடுக்குமாடிக்குப் போகும் நெசவாளர் வீட்டோடு தறியையும் இழக்கிறார், அல்லது தறிக்கு வேறு இடம் வாடகைக்கு எடுக்கிறார். ஊருக்கு வெளியே கட்டினால் பேருந்துச் செலவும், பெண்கள் வீட்டு வேலைக்கும் பூ வியாபாரத்துக்கும் வந்துபோகும் நேரமும் சேர்ந்து, குறைந்த தவணையின் பலனைத் தின்றுவிடும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் உதவியைக் கேட்பதாக இருந்தால், பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிறு அரசு நிலங்களில் எட்டு முதல் பன்னிரண்டு வீடுகள் கொண்ட தரைத்தளம், முதல்தளக் குடியிருப்புகளாகவும், தரைத்தளம் தறி வைப்போருக்கே என்றும் கேளுங்கள்.

புதிய மனைப்பிரிவுகளையும் மறந்துவிடாதீர்கள். 10,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைப்பிரிவுகளில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் அவை இருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இரண்டு மூன்று மனைகளை ஒருவரே வாங்கிச் சேர்த்திருப்பார். உங்கள் எல்லைக்குள் இதுவரை அனுமதித்த பிரிவுகளில் அந்த மனைகள் எத்தனை, இன்று யாரிடம் இருக்கின்றன என்று செயல் அலுவலரிடம் பட்டியல் கேளுங்கள்.

முதல் மன்றக் கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள் போதும்: குடியிருப்பவர் கணக்கெடுப்பு, பட்டா முகாமுக்குத் தேதி, அடிமனைப் பெயர் மாற்றம் குறித்து அறநிலையத் துறை இணை ஆணையருக்குக் கடிதம், மானிய வேறுபாட்டை நீக்கக் கோரி அரசுக்கு மனு. கணக்கெடுப்பை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மழையில் எந்தக் கூரை ஒழுகியது என்ற பட்டியல் மார்கழிக்குள் கையில் இருந்தால், தச்சு வேலைக்கான மரத்தைத் தை மாதத்திலேயே வாங்கிக் காயப்போட்டுவிடலாம்.